45 நாள் வீரம்

கலிபோர்னியாவில் ஒரு நகர மன்றத்துக்குத் திடீரென்று வீரம் பொங்கினால், அதை இறக்கிவைக்கச் சட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது: அரசுச் சட்டத் தொகுப்பு, பிரிவு 65858. ஐந்து பேர் கொண்ட மன்றம் என்றால் நான்கு பேர் கை தூக்க வேண்டும். மக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஆபத்து இதோ வந்து நிற்கிறது என்று எழுத்தில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால், நிலப் பயன்பாட்டு விதி ஒன்றைக் கொண்டுவர ஏற வேண்டிய வழக்கமான படிகள் எதையும் ஏற வேண்டாம். தடை உடனே அமலுக்கு வரும். ஆயுள் 45 நாள். அப்புறம் ஒரு பொது விசாரணை வைத்து 10 மாதம் 15 நாள் நீட்டிக்கலாம். அதுவும் பற்றாதென்றால் இன்னும் ஒரு வருஷம். ஆக மொத்தம் இரண்டு வருஷம் அவசரப்படலாம்.

புகையிலைக் கடை, வேப் கடை விஷயத்தில் அந்த மாநிலத்து நகரங்கள் பலவும் இந்தப் பிரிவைத்தான் கையில் எடுக்கின்றன. தீர்மானத்தை வாங்கிப் படித்தால் முதல் இரண்டு பக்கத்துக்கு நமக்கே கண் கலங்கும். தடுத்திருக்கக்கூடிய சாவுகளில் முதலிடம் புகைக்கு. நிகோடின் பிள்ளைகளின் வளரும் மூளையைக் கெடுக்கிறது. பள்ளிக்கூடத்துப் பக்கமாய்க் கடைகள் முளைக்கின்றன. மாம்பழ வாசம், பஞ்சுமிட்டாய் வாசம் என்று ஆசை காட்டுகின்றன. இப்படியே 'மேலும்', 'ஆகையால்' என்று அடுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் உத்தரவு வருகிறது: விதிகளை மறுபரிசீலனை செய்து முடிக்கும்வரை புதிய கடைக்கு உரிமம் கிடையாது.

பழைய கடை? அது பாட்டுக்கு நடக்கும். காலையில் திறக்கும், நள்ளிரவில் மூடும், நடுவில் மார்ல்பரோ விற்கும். இரண்டு பக்கம் எழுதிக் கண்ணீர் விட்டார்களே, அந்த ஆபத்து முழுவதும் இன்னும் ஷட்டர் பொருத்தாத கடைக்குள்தான் இருக்கிறதாம். திறந்திருக்கும் கடையில் விற்கிற சிகரெட் ஊருக்கு ஆபத்தில்லாத சிகரெட். வீடு பற்றி எரிகிறபோது கூடத்தில் உட்கார்ந்து, இனிமேல் வரும் விருந்தாளிகள் யாரும் தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்று ஒருமனதாய்த் தீர்மானம் போட்ட குடும்பம் இதைவிடப் புத்திசாலி. அவர்கள் அதற்கு அறிக்கை தயாரிக்கச் சொல்லி ஆலோசகருக்குப் பணம் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் சிகரெட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,80,000 பேர் சாகிறார்கள். இது அந்த நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையமே சொல்லும் கணக்கு. 45 நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் சுமார் 59,000. இத்தனை பேரும் தீர்மானம் போட்ட ஊர்க்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாடு முழுவதும் சாகிறவர்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட, திறக்காத கடையில் வாங்கிய சிகரெட்டால் சாகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, அந்த மறுபரிசீலனையில் என்னதான் செய்கிறார்கள்? வரைபடம் போடுகிறார்கள். பள்ளிக்கூடம், பூங்கா, நூலகம், குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் சுற்றி வட்டம் வரைகிறார்கள். வட்டம் 500 அடியா, 1,000 அடியா என்று கூட்டம் கூட்டமாய் விவாதம். மனையின் எல்லைக்கோட்டிலிருந்து அளப்பதா, கட்டடத்தின் வாசலிலிருந்தா? நேர்க்கோட்டில் அளப்பதா, நடக்கிற வழியிலா? 1,000 அடி என்பது சுமார் 300 மீட்டர். பத்தாம் வகுப்புப் பையனுக்கு நான்கு நிமிஷ நடை. சைக்கிள் இருந்தால் அதுவும் இல்லை. 1,001-ஆவது அடியில் நிற்கும் கடைக்குப் பிள்ளைகள் போக மாட்டார்கள் என்பது நகரத் திட்டமிடல் துறையின் நம்பிக்கை. எந்த மதத்திலும் இவ்வளவு உறுதியான நம்பிக்கையை நான் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கலிபோர்னியாவில் 21 வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்பதே 2016 ஜூன் முதல் சட்டவிரோதம். 2019 டிசம்பரிலிருந்து நாடு முழுவதும் அப்படித்தான். பள்ளிப் பையனுக்கு ஒரு கடையும் விற்கக் கூடாது, அது பள்ளி வாசலில் இருந்தாலும் பத்து மைல் தள்ளியிருந்தாலும். பிறகெதற்கு வட்டம்? விற்கிறார்கள் என்று மன்றத்துக்குத் தெரியும், அதற்காகத்தான். தெரிந்துகொண்டே, விற்கிற கடையின் பூட்டைத் தொடாமல், கடை போட நினைத்து வாடகைக்கு முன்பணம் கட்டியவரின் விண்ணப்பத்தில் சீல் குத்துகிறார்கள். முன்பணம் கட்டியவருக்காக நான் அழவில்லை. பஞ்சுமிட்டாய் வாசத்தில் நிகோடின் விற்கக் கிளம்பியவருக்கு அழ ஆள் வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்கட்டும். ஆனால் எதிர்க்கடைக்காரர் தூங்கி எழுவதற்குள் போட்டி ஒழிந்துபோயிற்றே, அவருக்கு இந்த மன்றம் செய்த உபகாரத்தை அவருடைய சொந்த மாமனார்கூடச் செய்திருக்க மாட்டார்.

புகையிலைக் கடை என்றால் என்ன என்பதற்கு விதிகள் தரும் விளக்கம் இதைவிட ருசியானது. பல நகரங்களின் விதிப்படி, தரைப்பரப்பிலோ விற்பனையிலோ இத்தனை சதவீதத்துக்கு மேல் புகையிலைச் சரக்கு இருந்தால்தான் அது புகையிலைக் கடை. ஊதா விளக்கும் கண்ணாடிக் குழாயும் ஹூக்காவும் வைத்திருக்கும் கடை வசமாய் மாட்டிக்கொள்ளும். பெட்ரோல் பங்க் மாட்டாது. அங்கே சிகரெட் கல்லாவுக்குப் பின்னால் ஒரே ஒரு சுவரில்தான் அடுக்கியிருக்கிறது. மற்ற இடத்தில் சிப்ஸ், சோடா, கார் துடைக்கும் துணி. பங்க்கை ஒட்டிய கடைகளும் தெருமுனை மளிகைகளும்தான் அந்த நாட்டில் சிகரெட் விற்பனையின் பெரும்பங்கைச் சுமக்கின்றன. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவை சிப்ஸ் கடைகள். கொலைக் கருவியை நூறு பொம்மைகளுக்கு நடுவே வைத்து விற்றால் அது பொம்மைக் கடைதான், யார் மறுக்க முடியும்?

சான் பிரான்சிஸ்கோ கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அமெரிக்காவிலேயே முதன்முதலாக, 2008-இல், மருந்துக் கடையில் சிகரெட் விற்கக் கூடாது என்று சட்டம் போட்ட நகரம் அது. இருமல் மருந்தையும் இருமலையும் ஒரே கல்லாவில் விற்காதே என்றது. நியாயம்தானே? ஆனால் அந்தச் சட்டமே மருந்துப் பிரிவு வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் ராட்சசக் கடைகளுக்கும் விலக்கு அளித்தது. கையில் மருந்துச் சீட்டோடு சேஃப்வே சூப்பர் மார்க்கெட் போனவருக்குச் சிகரெட் கிடைக்கும், வால்கிரீன்ஸ் மருந்துக் கடை போனவருக்குக் கிடைக்காது. வால்கிரீன்ஸ் வழக்குப் போட்டது. இந்தப் பாகுபாட்டுக்கு என்ன காரணம் என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது. சொல்லக் காரணம் இல்லாததால் நகரம் அதே ஆண்டில் விலக்கை எடுத்துவிட்டது. ஆக, நகரத்துக்கு நேர்மையைக் கற்றுக்கொடுத்த பெருமை, சிகரெட் விற்கும் உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போன மருந்துக் கடைக் கம்பெனியைச் சேரும். என்ன காலம்!

2014-இல் அதே நகரம் உரிமங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. நகரத்தின் 11 வட்டாரங்களுக்கும் தலா 45 உரிமம். பள்ளியிலிருந்தும் வேறொரு புகையிலைக் கடையிலிருந்தும் 500 அடிக்குள் புதிய உரிமம் இல்லை. இருக்கிற கடைகள்? இருக்கும். உரிமையாளர் கடையை விட்டுப் போகும்போது உரிமமும் சேர்ந்து போகும். இந்த ஏற்பாட்டில் கடைகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் யாருக்கு எவ்வளவு சீக்கிரம் குறைந்தது? டெண்டர்லாயின் என்று ஒரு பேட்டை உண்டு. வீடில்லாதவர்களும் ஒற்றை அறை விடுதிகளில் காலம் தள்ளுகிறவர்களும் நிறைந்த இடம். கடை நெருக்கமும் அங்கேதான் அதிகம். 45-க்கும் அங்கிருந்த எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பேட்டை வரம்புக்குள் வர வேண்டுமானால் கடைக்காரர்கள் ஒவ்வொருவராய் ஓய்வு பெற வேண்டும் அல்லது சாக வேண்டும். யார் முந்துவது என்பதில் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் பந்தயம். வாடிக்கையாளர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார்.

2019-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மத்திய உணவு மருந்து நிர்வாகத்தின் பரிசீலனையைத் தாண்டாத மின் சிகரெட் எதையும் நகரத்தில் விற்கக் கூடாது என்றார்கள். நல்லது. மின் சிகரெட்டில் அன்று முதலிடத்தில் இருந்த ஜூல் நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தது? அதே சான் பிரான்சிஸ்கோவில், பியர் 70 என்ற இடத்தில், நகரத்தின் துறைமுகத் துறைக்குச் சொந்தமான நிலத்தில். ஜூலும் சும்மா இருக்கவில்லை. கோடிக்கணக்கான டாலரைக் கொட்டித் தடையை முறியடிக்க ஒரு வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. பாதியில் தானே கையை விரித்துவிட்டது. நவம்பரில் 80 சதவீதத்துக்கும் மேலான வாக்காளர்கள் அதைத் தூக்கி எறிந்தார்கள். மக்கள் தெளிவாகத்தான் இருந்தார்கள். பரிசீலனை முடியாத புகை தடை செய்யப்பட்டது. பரிசீலனை எப்போதோ முடிந்துபோன புகை, அதாவது கொல்லும் என்று 1964-லேயே தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அடித்துச் சொன்ன பழைய சிகரெட், கடையில் அப்படியே இருந்தது. கொல்லுமா என்று சந்தேகம் இருந்தால் விற்கக் கூடாது. கொல்லும் என்று உறுதியானால் விற்கலாம். நிர்வாகக் கலையின் உச்சம் இது.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்று காட்டிய ஊரும் உண்டு. பெவர்லி ஹில்ஸ் 2019 ஜூனில் புகையிலை விற்பனையையே தடை செய்தது. 2021 ஜனவரி 1 முதல் அமல். மளிகை, பெட்ரோல் பங்க், மருந்துக் கடை எல்லாம் அடக்கம். மன்ஹாட்டன் பீச் நகரமும் பின்தொடர்ந்தது. எழுந்து நின்று கை தட்டப் போனேன். அடுத்த வரி உட்கார வைத்தது. நட்சத்திர ஓட்டல்கள் தம்மிடம் தங்கும் விருந்தினருக்கு விற்கலாம். ஏற்கெனவே இருந்த மூன்று சுருட்டுக் கூடங்கள் தொடரலாம். தோட்டக்காரர் பங்க்கில் வாங்கும் சிகரெட் பொதுச் சுகாதாரப் பிரச்சினை. தோல் நாற்காலியில் சாய்ந்து முதலாளி இழுக்கும் சுருட்டு கலாசாரம். மாநிலச் சட்டமும் இதே வழிதான். வாசனைப் புகையிலையைத் தடை செய்தபோது, மொத்த விலை 12 டாலருக்குக் குறையாத உயர்தரச் சுருட்டுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நுரையீரலுக்கும் வருமானச் சான்றிதழ் தேவைப்படுகிறது.

அந்த வாசனைச் சட்டத்தின் கதை, நிறுத்திவைப்பதில் நகர மன்றங்கள் இன்னும் அரிச்சுவடியில்தான் இருக்கின்றன என்று காட்டும். மெந்தால் உள்பட வாசனை கலந்த புகையிலையைக் கடைகளில் விற்கக் கூடாது என்ற எஸ்.பி. 793 சட்டத்தில் 2020 ஆகஸ்டில் ஆளுநர் கையெழுத்திட்டார். 2021 ஜனவரி 1-இல் அமலாகியிருக்க வேண்டும். சிகரெட் கம்பெனிகள் ஆள் வைத்துக் கையெழுத்து வாங்கி, இது மக்கள் வாக்கெடுப்புக்குப் போகட்டும் என்றன. கையெழுத்து போதுமான அளவு சேர்ந்தால் வாக்கெடுப்பு வரை சட்டம் தூங்கும். அடுத்த பொதுத் தேர்தல் 2022 நவம்பரில். மக்கள் ஏறத்தாழ 63 சதவீதம் பேர் சட்டம் வேண்டும் என்றார்கள். கடைசியில் டிசம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்தது. தோற்போம் என்று கம்பெனிகளுக்குத் தெரியாதா? 2018-இல் இதே வித்தையைச் சான் பிரான்சிஸ்கோவில் காட்டி ரெனால்ட்ஸ் கம்பெனி தோற்றிருந்தது. வாங்க வந்தது வெற்றியை இல்லை, ஏறத்தாழ இரண்டு வருஷ விற்பனையை. அதை வாங்கிக்கொண்டு போனார்கள். நகர மன்றம் இரண்டு வருஷம் நிறுத்திவைத்தால் ஒரு வேப் கடை திறக்காது. கம்பெனி இரண்டு வருஷம் நிறுத்திவைத்தால் ஒரு மாநிலமே மெந்தால் இழுக்கும். கறுப்பின மக்களில் புகைக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பிடிப்பது மெந்தால்தான். அந்தப் பேட்டைகளில் பல பத்தாண்டுகளாகத் தேடித் தேடி விளம்பரம் செய்து வளர்த்த சந்தை அது. மத்திய அளவில் மெந்தாலைத் தடை செய்ய 2022-இல் முன்மொழிந்தார்கள், தள்ளினார்கள், தேர்தல் வருகிறது என்று மறுபடி தள்ளினார்கள். 2025 ஜனவரியில் புதிய நிர்வாகம் வந்ததும் முன்மொழிவையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

(ரெனால்ட்ஸை 2017-இல் முழுவதுமாய் வாங்கியது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் உதிரியாய் விற்கும் சிகரெட்டின் ஐ.டி.சி. கம்பெனியிலும் பெரிய பங்குதாரர் அதுதான். அதே பட்டியலில் கொஞ்சம் கீழே பார்த்தால் நம் எல்.ஐ.சி. இருக்கும். ஆயுளுக்குக் காப்பீடு தருகிறவர்கள் இரண்டு பக்கமும் பந்தயம் கட்டி வைத்திருக்கிறார்கள்.)

இவ்வளவு தயக்கம் ஏன் என்று அப்பாவியாய்க் கேட்பவர்களுக்குக் கல்லாப் பெட்டியைக் காட்டலாம். 1998-இல் 46 மாநிலங்களோடு சிகரெட் கம்பெனிகள் ஒரு சமரச ஒப்பந்தம் போட்டன. முதல் 25 ஆண்டுகளில் 206 பில்லியன் டாலர் தருவதாகப் பேச்சு. நோயாளிகளுக்கு ஆன மருத்துவச் செலவுக்கு ஈடு என்று சொல்லப்பட்டது. கலிபோர்னியாவின் பங்கில் பாதி அதன் மாவட்டங்களான கவுண்டிகளுக்கும் லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ, சான் ஹோசே, சான் பிரான்சிஸ்கோ ஆகிய நான்கு நகரங்களுக்கும். கொடுக்கும் தொகை, விற்பனைக்குப் போகும் சிகரெட்டின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். எண்ணிக்கை விழுந்தால் பணமும் விழும். அதோடு விட்டார்களா? வருங்காலத்தில் வரப்போகும் இந்தப் பணத்தை இன்றே அடகு வைத்துப் பல மாநிலங்களும் கவுண்டிகளும் கடன் பத்திரம் விற்றன. இனிமேல் பிறக்கப்போகிற புகைப்பாளர்கள் அடைக்கப்போகிற கடன். மக்கள் மளமளவென்று சிகரெட்டை விட்டால் பத்திரம் வாங்கியவர்கள் முகம் வெளுக்கும். சின்ன நகரங்களுக்கு இந்த ஒப்பந்தப் பணத்தில் நேரடிப் பங்கில்லை என்றாலும், கடையில் விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டின் விற்பனை வரியிலும் ஒரு சதவீதப் புள்ளி நகரத்துக்கு வரும். மாநிலத்துக்குத் தனியாகப் பாக்கெட்டுக்கு 2 டாலர் 87 சென்ட். பழைய கடைகளின் மேல் கை வைக்க மன்றம் ஏன் கூச்சப்படுகிறது என்று இனியும் நான் விளக்க வேண்டுமா?

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பார்கள். பொய். இருக்கிற வியாபாரத்துக்குக் கெடு வைத்து மூடச் சொல்லலாம் என்பது கலிபோர்னியாவில் பழைய செய்தி. குடியிருப்புப் பகுதியில் குழாய்ச் சாமான் வியாபாரம் நடத்தியவருக்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஐந்து வருஷக் கெடு வைத்தது. அது செல்லும் என்று 1954-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழாயையும் வாஷரையும் ஐந்து வருஷத்தில் ஊரை விட்டு அனுப்ப முடிந்தது. பெவர்லி ஹில்ஸ் சிகரெட்டுக்குக் கொடுத்த கெடு ஒன்றரை வருஷத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நாட்டின் மறுகோடியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து புரூக்லைன், 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவருக்கும் என்றைக்குமே புகையிலை விற்கக் கூடாது என்று விதி செய்தது. கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் விதி செல்லும் என்றது. நகராட்சி அளவில் கடை வைத்திருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியும். பேசினால் அடுத்த தேர்தலில் ஒரு கடைக்காரர் சங்கம் எதிரே நிற்கும். பிறக்காத கடைக்குச் சங்கம் கிடையாது.

65858-இல் இன்னொரு சடங்கும் உண்டு. தடை காலாவதியாவதற்குப் பத்து நாள் முன்பு, ஆபத்தைத் தணிக்க என்னென்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மன்றம் எழுத்தில் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். ஆலோசகருக்குச் செலவழிக்க வேண்டாம், நானே இலவசமாய் எழுதித் தருகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் நிரப்பிக்கொள்ளட்டும்:

"மதிப்புக்குரிய மேயருக்கும் உறுப்பினர்களுக்கும். அவசரத் தடை முழு வெற்றி. தடைக் காலத்தில் புதிதாய்த் திறக்காத கடைகளில் ஒரு பாக்கெட்டும் விற்கப்படவில்லை. திறந்திருந்த கடைகளில் வியாபாரம் சீராக நடந்தது. விற்பனை வரி வரவில் பாதிப்பு இல்லை என்பதை நிதித் துறை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறது. வட்டங்கள் வரைந்தாயிற்று. இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஏற்கெனவே மூன்று கடைகள் இருப்பதால், அவற்றின் வசதிக்காக வட்டத்தை வேறு நிறத்தில் காட்டியிருக்கிறோம். பெட்ரோல் பங்க்குகள் ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை. ஆபத்து இன்னும் நீடிப்பதால் தடையையும் 10 மாதம் 15 நாள் நீட்டிக்கப் பரிந்துரைக்கிறோம். இந்த 45 நாளில் நம் ஊரில் புகையால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். இம்மாநிலத்தின் பெரும்பாலான நகரங்களைப் போல நமக்கும் தனியாகச் சுகாதாரத் துறை இல்லை. நிலப் பயன்பாடு மட்டுமே நம் பொறுப்பு. இறந்தவர்கள் விவரத்துக்குக் கவுண்டி அலுவலகத்தை, வேலை நாட்களில் அணுகவும்."